மதிலில் தொங்கிய சிவப்புத் துண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய சிஸ்டர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "கையைக் கொண்டா" என்பதுதான். அதையும் வாய்விட்டுச் சொன்னார் என்று சொல்ல முடியாது, உதடுதான் அசைந்தது. என் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள். சம்பளம் வாங்கப் போகிற பெண் என்று அம்மா ஆசையாக வாங்கிப் போட்டு அனுப்பியவை. பெரிய சிஸ்டர் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு அழைத்துப் போய், மணிக்கட்டில் சோப்பைத் தடவி, ஒவ்வொரு வளையலாகக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்தார். பன்னிரண்டு வளையல்கள். ஒன்றோடு ஒன்று இடித்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவதானால் சத்தம் போடாமல் அழச் சொன்னார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒரு டிரஸ்ட்டு நடத்தியது. அறுபதுகளின் நடுப்பகுதி, எனக்கு இருபத்தோரு வயது. எட்டு நர்சுகளுக்கும் தலைவி அவர். மேட்ரன் என்பது அறை வாசலில் எழுதியிருந்த பட்டம், வாய்க்கு எல்லோருக்கும் பெரிய சிஸ்டர்தான். நாசரேத்துப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. ரப்பர் அடி வைத்த கான்வாஸ் செருப்பு போட்டு நடப்பார். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது தெரியாது. திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, அதிலும் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொள்ள நாங்கள் எட்டுப் பேரும் பழகியிருந்தோம்.

சத்தம்தான் அவருக்குப் பகை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் ஒரு கோழியிறகும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போவார். கதவுக் கீல், ஜன்னல் கீல், ஸ்ட்ரெச்சர் சக்கரம், கிணற்று உருளை, ஒன்றையும் விட மாட்டார். முன்கூடத்துக் கடிகாரம் நேரம் காட்டும், மணி அடிக்காது. அடிக்கிற சுத்தியலைக் கழற்றித் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். கட்டில் கால்களுக்கு சைக்கிள் டியூப். எனாமல் பாத்திரங்களுக்கு அடியில் துணி. வாசலில் வந்து நிற்கிற ஜட்கா வண்டிகளின் குதிரை மணிக்குள் அவரே போய் வைக்கோல் திணிப்பார். வண்டிக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்களாம். நான் சேர்ந்த காலத்தில், ஆஸ்பத்திரித் திருப்பம் வந்ததும் அவர்களே இறங்கித் திணித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. எங்கள் வீட்டில் நான் கேள்வி கேட்டால் நாலாவது வீட்டிலிருந்து பதில் வரும். முதல் மாதம் முழுக்க அவர் என்னை வார்டில் பேசவே விடவில்லை. "ஏட்டி, ஒன் தொண்டைக்கு எந்தக் கீல்ல எண்ணெய் விடணும்?" என்று ஒருநாள் கேட்டார். கிண்டல் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, ஏனென்றால் முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சத்தத்துக்கு அடுத்து அவருக்கு ஆகாதது பொய். ஒருநாள் பத்துப் பேருக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு, பதினோராவது ஆளைத் தொட்டுப் பார்த்தே குத்துமதிப்பாக ஒரு எண்ணை கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அந்த ஷீட்டையும் தெர்மாமீட்டரையும் என் கையில் கொடுத்து, நோயாளியின் கட்டிலருகில் என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு காதருகே வந்து, "கேஸ் ஷீட்ல பொய் எழுதுத கை ஊசி போடக் கூடாது, பாத்துக்கோ" என்றார். அந்த நோயாளி, பாவம், எனக்காகப் பரிந்து பேசப் பார்த்தார். அவருக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நான் தெரிந்துகொண்டது இருட்டு ரூமில் வேலை போட்டபோதுதான். கட்டிடத்தின் மேற்குக் கோடியில், மதிலை ஒட்டி ஒரு அறை. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்பு மை பூசியிருக்கும். ரண ஜன்னி கண்டவர்களை அங்கேதான் வைப்போம். டெட்டனஸ் என்றால் இப்போது ஒரு தடுப்பூசியோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு மாதம் ஒருவராவது வருவார்கள். ஆணி மிதித்தவர், ஏர்க் கொழு குத்தினவர், தொப்புள் புண்ணில் சாணி வைக்கப்பட்ட பச்சைப் பிள்ளை. தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் உடம்பு வில்லாக வளையும். சத்தம் கேட்டால் அதைவிட மோசம். ஒரு கரண்டி தரையில் விழுந்தால் போதும், முதுகு கட்டிலை விட்டு எழும்பிவிடும், தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகும். அந்த இழுப்பிலேயே போனவர்கள் உண்டு. முதன்முதலில் பார்த்த அன்று நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மருந்தும் தூக்க ஊசியும் கொடுத்து, சத்தம் இல்லாமல் பத்து நாள் காப்பாற்றிவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பத்து நாள்தான் பெரிய சிஸ்டரின் கணக்கு.

மதிலுக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெரு. நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். முஸ்லிம் குடும்பங்கள். தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொதுவாக ஒரு பெரிய திடல். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு நீளமாக இழுத்துக் கட்டி அவர்கள் உலர்த்துகிற இடம், பாவடி என்பார்கள். விடிந்தால் தறிச் சத்தம் தொடங்கிவிடும். நான் வருவதற்குப் பல வருஷம் முன்னால் பெரிய சிஸ்டர் அந்தத் தெருவுக்குப் போய், நெசவாளி ஒருவரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தாராம். மைதீன் என்று பெயர். இருட்டு ரூம் வாசலில் அவரை நிறுத்தினாராம். உள்ளே ஒரு விவசாயி. மதிலுக்கு அப்பால் தறி ஒரு தடவை அடிக்கும், உள்ளே உடம்பு ஒரு தடவை எகிறும். தறி அடிக்கும், உடம்பு எகிறும். மைதீன் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் நாற்பது வீட்டுத் தறியும் நின்றுவிட்டதாம்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. இருட்டு ரூமில் ஆள் இருந்தால் மதில்மேல் சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் மதிலை ஒட்டிய பதினாறு வீட்டிலும் தறி ஓடாது. அந்த வீட்டு ஆண்கள் தெருவின் மறுகோடியில் இருக்கிற தறிகளில் முறை வைத்து நெய்வார்கள். தறி நின்றால் கூலியும் நிற்கும், ஆனாலும் ஒருவர்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை. அந்தத் துண்டே மைதீன் நெய்து கொடுத்ததுதான். இன்னொரு வழக்கமும் தானாக வந்து சேர்ந்தது. பெரிய சிஸ்டர் அந்தத் தெருவில் நடந்தால், அவர் வர வர ஒவ்வொரு வீட்டுத் தறியாக நிற்கும். தாண்டிப் போன பிறகு திரும்ப ஓடும். துண்டு தொங்க வேண்டும் என்றில்லை. அது அவருக்குச் செய்கிற மரியாதை. அவரோடு நடக்கும்போது எனக்கே தலை கொஞ்சம் நிமிரும். அவர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஹெலிகாப்டர் வந்தது.

டிரஸ்ட்டுத் தலைவருக்கு ஆரியங்காவுக்கு மேலே ரப்பர் எஸ்டேட் இருந்தது. மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களுக்கு மேலேயிருந்து மருந்து தெளிக்க ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுப்பார்கள். அதிலேயே எஸ்டேட் நோயாளிகளையும் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினால் என்ன என்று அவருக்கு யோசனை. யோசனையில் தப்பு சொல்ல முடியாது. மலைப்பாதையில் லாரி இறங்கி வர நாலு மணி நேரம் ஆகும். பாம்பு கடித்தவர்களும் மரத்திலிருந்து விழுந்தவர்களும் எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது பல தடவை கண்ணை மூடிவிடுகிற வேலைதான் எங்களுக்கு மிச்சம் இருக்கும். ஆனால் அவர் இறங்குதளத்துக்குப் பார்த்த இடம் பாவடி. ஜீப்பில் ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்து, நாலு மூலையிலும் முளை அடித்துவிட்டுப் போனார்கள்.

தெரு கொதித்துவிட்டது. தெரு மட்டுமில்லை, சாலைக்கு இந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்த பிள்ளைமார் வீடுகளும்தான். ஆளுக்கு ஒரு பயம்.

"அது அடிக்க காத்துல பாவு பூரா பறந்து ஐந்தருவியில போயி விழும்லா?"

"முத்தத்துல பொம்பளையோ குளிக்கது மேலேருந்து தெரியுமாம். இந்த அநியாயம் எங்கயாவது உண்டா?"

"சினைப்பசு அந்தச் சத்தத்துக்குக் கன்னைப் போட்டுருமாம்லா அண்ணாச்சி?"

தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மனு எழுதினார். நாலு பக்கம். மாடு, பாவு, மானம் எல்லாம் அதில் இருந்தது. கையெழுத்து வாங்க யார் முதலில் போடுவது என்று பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய சிஸ்டர் போய்ப் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். சம்பளம் கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கு எதிராக அதன் மேட்ரனே கையெழுத்து!

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் ஃபைல் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

"நீங்க ஆஸ்பத்திரி பக்கமா, தெரு பக்கமா?" என்று கேட்டார் தலைவர்.

"இருட்டு ரூம் பக்கம்" என்றார் பெரிய சிஸ்டர். "ஹெலிகாப்டர் வேண்டாங்கலை. ரெண்டு மைலுக்கு அங்கிட்டுக் குளத்துக்கு மேல்புறம் தரிசு கெடக்கு. அங்கன இறக்குங்க. நாங்க வேன்ல தூக்கியாறோம்."

"ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரியில இறங்காம தரிசுலயா இறங்கும்? பாக்கவங்க சிரிப்பாங்க" என்றார் தலைவர். கல்வெட்டுக்குக்கூட அவர் இடம் பார்த்து வைத்திருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டார். சிவப்புத் துண்டு தொங்குகிற நாட்களில் ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் தலைகாட்டாது. ஒருநாள் வெள்ளோட்டம் விடுவோம், பிறகு பேசிக்கொள்வோம் என்று நாளும் குறித்தார்.

அந்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் மைதீன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஐசா, பதினோரு வயது. காலில் எப்போதோ ஆணி குத்தி, புண்ணும் ஆறி, எல்லோரும் மறந்தும் போயிருந்தார்கள். காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்றாளாம். மைதீனுக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பார்த்த வியாதிதானே. இருட்டு ரூமில் பிள்ளையைப் படுக்க வைத்தோம். தான் நெய்த துண்டை அன்றைக்கு அவரே மதிலில் போட்டார்.

ஒன்பது நாள் பெரிய சிஸ்டர் அந்த அறையை விட்டு நகரவில்லை என்றே சொல்லலாம். இழுப்பு முதலில் நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தது, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று. எட்டாம் நாள் ஐசா பல்லிடுக்கு வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் உறிஞ்சினாள். இன்னும் இரண்டு நாள் போனால் கண்டத்தைத் தாண்டிவிடுவாள். அன்று மாலை மைதீனை மதிலருகே கூப்பிட்டு, "நாளைக்கு வெள்ளோட்டம்னு நாள் குறிச்சிருந்தாவ. துண்டு தொங்குது, வராது. ஆனாலும் நீங்க கோஷம் கீஷம்னு கூட்டம் போட்டுராதீங்க மைதீன். உங்க தெருச் சத்தமும் சத்தந்தான்" என்றார் பெரிய சிஸ்டர்.

"என்ன சிஸ்டரம்மா இப்படிச் சொல்லுதீங்க? எம்புள்ள உள்ள கெடக்கும்போது நான் சத்தம் போட விடுவனா? திடல்ல போயி நிப்போம். வாயே திறக்க மாட்டோம். ஒருவேளை வந்துட்டா, ஆள் நிக்கது தெரிஞ்சா இறங்காதுல்லா" என்றார் மைதீன்.

துண்டு தொங்குவதை ஞாபகப்படுத்தத் தலைவரின் எஸ்டேட்டுக்கு டிரங்க் கால் போட்டோம். அன்று லைன் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடைத்தது. ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது என்றார்கள்.

பெரிய சிஸ்டர் ஓடி நான் பார்த்தது அப்போதுதான். மெத்தைகளைத் தூக்கி ஜன்னல்களில் சாத்தினோம். ஐசாவின் காதுகளில் பஞ்சு வைத்து, அதன்மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பொத்திக்கொண்டு கட்டிலருகில் மண்டியிட்டார். எனக்குப் பிள்ளையின் நாடி பார்க்கிற வேலை. வாசலில் டாக்டர் ஊசியோடு நின்றார். மெத்தை இடுக்கில், கண்ணாடியின் மை உரிந்திருந்த இடம் வழியாக, மதிலுக்கு மேலே எனக்குத் திடல் தெரிந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். முளைகளுக்கு நடுவே நெருக்கமாக நின்றிருந்தார்கள். தெருக்காரர்கள், பிள்ளைமார், மனு எழுதினவர், முக்காடு போட்ட பெண்கள். ஒருவர்கூட இருமவில்லை. கைப்பிள்ளைகளின் வாயில் சர்க்கரையைக் கொடுத்து வைத்திருந்தார்கள். முந்நூறு பேர் அப்படி ஊமையாக நின்று அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மலைப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. முதலில் தூரத்து ரைஸ்மில் மாதிரி, பிறகு கிட்டத்தில். ஐசாவின் விரல்கள் மடங்கின. முதுகு கொஞ்சம் எழும்பியது. பெரிய சிஸ்டரின் உள்ளங்கைகள் நகரவில்லை. ஹெலிகாப்டர் வயலுக்கு அந்தப் பக்கமே நின்று சுற்றியது. இறங்க இடமில்லை என்று பார்த்திருக்க வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனது. இரைச்சல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. ஐசாவின் முதுகு மெல்லப் படுக்கையில் படிந்தது. நாடி ஓடிக்கொண்டிருந்தது. தாங்கிவிட்டாள்!

பெரிய சிஸ்டர் கைகளை எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வெளியே முந்நூறு தொண்டையும் ஒன்றாகத் திறந்தது.

சந்தோஷக் கூச்சல். இவ்வளவு நேரம் அடக்கி வைத்தது அத்தனையும் சேர்ந்து வந்தது. கைதட்டல், விசில், "போயிட்டுலே! போயிட்டு!" என்று ஆரவாரம். அந்த ஆரவாரத்துக்கு முன்னால், ஒரு நொடி முன்னால், ஒற்றைக் குரலாக "போயிட்டுலே!" என்று எழும்பியது மைதீனின் குரல். ஒன்பது நாளாக மதிலோரம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஐசாவின் உடம்பு வில்லாக எழுந்து நின்றது. கீழே இறங்கவே இல்லை. டாக்டர் ஊசி போட்டார். பெரிய சிஸ்டர் தாடையைப் பிளக்கப் பார்த்தார். உதடு நீலமாகி, முகம் நீலமாகி, நான் பிடித்திருந்த மணிக்கட்டில் நாடி நின்றது. வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து கைதட்டினால் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. என் பேரப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மைதீன் மதிலை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சிஸ்டரம்மா! பாத்தீங்களா, திரும்பிப் போயிட்டு! பிள்ளை எப்படி இருக்கா?" பெரிய சிஸ்டர் வெளியே போய் அவர் முன்னால் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மைதீனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மைதீன், அந்த மிசின் சத்தம் பிள்ளைக்குத் தாங்கலை" என்றார் பெரிய சிஸ்டர்.

நான் பின்னால் நின்றிருந்தேன். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. திரும்பி வந்ததும் கேஸ் ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி, அவரே பேனா எடுத்து, ஹெலிகாப்டர் இரைச்சலால் இழுப்பு வந்து மரணம் என்று எழுதினார். டாக்டர் பார்த்தார், கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். குத்துமதிப்பாக ஒரு காய்ச்சலை எழுதியதற்கு என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்தவர்! எனக்கு அடக்க முடியவில்லை.

"சிஸ்டர், அது இல்லையே. மிசின் போனப்புறம் பிள்ளை நல்லாத்தானே இருந்தா. அவங்க போட்ட..."

என் வாயைப் பொத்தினார். அவர் கையில் ஐசாவின் காதுப் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"பாளையங்கோட்டையில நர்சுக்குப் படிக்கும்போது நான் ஒரு எனாமல் பேசினைக் கீழ போட்டுட்டேன். இதே வியாதி. கட்டில்ல கெடந்தது ஒரு பொம்பளை, பெத்து எட்டு நாள். முப்பது வருசம் ஆச்சுட்டி. அந்தப் பேசின் இன்னும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு." கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தெடுத்தார். "அந்த மனுசனுக்கும் அதைக் குடுக்கச் சொல்லுதியா?"

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

கேஸ் ஷீட்டின் நகல் மனுவோடு சேர்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போனது. பிள்ளையைக் கொன்ற இயந்திரம் என்று ஊரே பேசியது. இறங்குதளத்துக்கு அனுமதி கிடையாது என்று உத்தரவு வந்து, முளைகளைப் பிடுங்கினார்கள். பாவடியில் மறுபடியும் நூல் நீண்டது. மைதீன்தான் மாறிப்போனார். மதிலில் துண்டு ஏறினால், தெருவின் மறுகோடித் தறிகளையும் சேர்த்து நிறுத்தச் சொல்லி வீடு வீடாக ஓடுவார். "எம்புள்ளையத்தான் அந்த மிசின் கொண்டுபோயிட்டு. இன்னொரு பிள்ளைக்கு ஆகக் கூடாதுல்லா" என்பார். பெரிய சிஸ்டர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து கீல்களுக்கு எண்ணெய் விடத் தொடங்குவார், வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டாலும்.

ஆடிச் சாரலில் ஒருநாள் மதியம் எஸ்டேட் லாரி வந்தது. ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி, பாம்புக்கடி. மலைப்பாதையில் மண் சரிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் தார்ப்பாயை விலக்கியபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. அவருடைய மனைவி நனைந்த சேலையோடு லாரியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பெரிய சிஸ்டரைப் பார்த்து, "ஹெலிகாப்டர்ல கொண்டுபோவோம்னு சொன்னாங்களே. அது ஏன் வரலை?" என்று கேட்டாள்.

பெரிய சிஸ்டர் அவளைக் கைபிடித்து லாரியிலிருந்து இறக்கிவிட்டார். நேரே தலைவரிடம் போனார். குளத்துக்கு மேல்புறத் தரிசில் இறக்க முடியுமா என்று கேட்டார். "இப்ப வந்து கேக்குதீங்களா? பிள்ளை செத்துருக்குன்னு நீங்க எழுதின தாள் ஃபைல்ல இருக்கு. தெருக்காரங்களே சம்மதம்னு எழுதிக் குடுத்தா ஒருவேளை பாப்பாங்க" என்றார் தலைவர்.

மறுநாள் காலை இரண்டு பேரும் தெருவுக்குப் போனோம். மைதீன் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். பெரிய சிஸ்டர் எஸ்டேட் தொழிலாளிகளின் கதையைச் சொன்னார். ரெண்டு மைல் தள்ளித்தான், இங்கே சத்தம் கேட்காது என்றார். எல்லோரும் மைதீனைப் பார்த்தார்கள். அவர் சொன்னால் கையெழுத்துப் போடுவார்கள், சொல்லாவிட்டால் போட மாட்டார்கள்.

"ரெண்டு மைல் இல்ல சிஸ்டரம்மா, இருவது மைலுக்கு அங்கிட்டும் வேண்டாம்" என்றார் மைதீன். "எம்புள்ளை அதாலதான் போனான்னு நீங்கதானே எங்கிட்டச் சொன்னீங்க? நீங்க சொன்னதை நான் நம்பாம வேற யாரு சொல்லுததை நம்புவேன்?"

பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. அவர் உதட்டைப் படித்துப் பழகியவள் நான். அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வழி பிறக்கும். அதே வார்த்தை எதிரே நிற்கிற மனிதரைக் கொன்றுவிடும். மைதீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு மரியாதையோடு! நானாவது சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் நாலு வீடு கேட்கிற தொண்டை ஆயிற்றே. நானும் சொல்லவில்லை. மைதீன் இறந்த பிறகு இதோ இப்போதுதான் எழுதுகிறேன்.

"வாறேன் மைதீன்" என்று சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர் திரும்பி நடந்தார்.

எப்போதும் போலவே, அவர் வர வர ஒவ்வொரு வீட்டுத் தறியாக நின்றது. முதல் வீடு நின்றது, இரண்டாவது நின்றது, மூன்றாவது நின்றது. நெய்தவர்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து நின்றார்கள். எங்களைச் சுற்றிச் செருப்புச் சத்தம்கூட இல்லை. பாதித் தெருவில் அவர் நின்றுவிட்டார்.

"ஓட்டுங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தறியை ஓட்டுங்க! ஏன் நிறுத்துதீங்க? எனக்காக நிறுத்தாதீங்க, ஓட்டுங்கய்யா!"

கத்தினார். அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருந்ததை நான் அறிந்ததே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் வார்டுக்கே கேட்டிருக்கும். சிஸ்டரம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று யாரோ ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மைதீன் பின்னாலேயே ஓடிவந்து, எதிர் வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஓடிக்கொண்டிருந்த மிச்சத் தறிகளும் நின்றன.